சலுகை போனால் போகட்டும், ஒரு ராத்திரிக்கு என்ன விலை?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். மகளும் மாப்பிள்ளையும் இரண்டு பேத்திகளோடு அமெரிக்காவில் அட்லாண்டாவில் இருக்கிறார்கள். 2017-ல் ஒர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் டைம்ஷேர் (விடுதியில் வருஷா வருஷம் சில இரவு தங்கும் உரிமை) ஒன்றை, ஏற்கெனவே வைத்திருந்தவரிடமிருந்து 14,000 டாலருக்கு வாங்கினார்கள். சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற விடுதி, அறை பிடிக்க வருஷத்துக்கு 160 பாயின்ட், 2054 வரை. ஆண்டுக் கட்டணம் அப்போது 950 டாலர், இப்போது 1,350. பத்து வருஷத்தில் ஐந்து முறைதான் போனார்கள், மற்ற வருஷப் பாயின்ட் காலாவதியாகிவிட்டது. இலவசமாக இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்று மாப்பிள்ளைக்கு வருத்தம். கடைசியாகப் போனபோது, கம்பெனியிடமே நேரடியாக 150 பாயின்ட் வாங்கினால் உறுப்பினர் சலுகை எல்லாம் உண்டு என்றார்களாம். 32,000 டாலர் ஆகிறதாம். உதவ முடியுமா என்று என்னைக் கேட்கிறார். எனக்கு ரோட்டோரம் மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நஞ்சை இருக்கிறது. குத்தகை நெல் எங்கள் இரண்டு பேர் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கிறது. விற்றால் 28 லட்சம் கிடைக்கும். விற்றுக் கொடுக்கலாமா? இல்லை, இருக்கிற டைம்ஷேரையாவது வைத்துக்கொள்ளச் சொல்லலாமா? பெரிய பேத்திக்குப் 16 வயது. மூன்று நான்கு வருஷத்தில் ஊர் திரும்பும் பேச்சும் இருக்கிறது. வேண்டாம் என்றால் அதை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பதில்: ஐயா, நிலத்தை விற்காதீர்கள். இது உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்காமலே சொல்லக்கூடிய பதில். இருக்கிற டைம்ஷேரை என்ன செய்வது என்பதற்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருந்தது.

முதலில் அவர்கள் வாங்கியிருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். நம் பக்கத்து ஒத்தி உங்களுக்குத் தெரியும். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்போம், கெடு முடிந்ததும் பணம் கைக்கு வந்துவிடும். டிஸ்னி வெக்கேஷன் கிளப் என்கிற இந்த ஏற்பாட்டில் மொத்தத் தொகையும் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கட்டணமும் கட்ட வேண்டும். கெடு முடிந்தால் ஒரு பைசா திரும்பாது, விடுதி கம்பெனிக்கே போய்விடும். நீண்டகாலக் குத்தகைக்கு முன்பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1991-ல் இது தொடங்கியபோது விற்ற முதல் விடுதியின் கெடு 2042-ல் முடிகிறது. உங்கள் மகளுடையதற்கு 2054 வரை ஆயுள்.

இந்தக் குத்தகையில் தண்ணீர் முறை மாதிரி ஒரு முறையும் உண்டு. எந்த விடுதியில் பாயின்ட் வாங்கினீர்களோ, அங்கே 11 மாதம் முன்பே அறை பிடிக்கலாம். மற்ற விடுதி வேண்டுமென்றால் 7 மாதம் இருக்கும்போதுதான் மதகு திறக்கும். அதற்குள் தலைமடைக்காரர்கள் நல்ல அறைகளைப் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள். மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்த தண்ணீர் கோட்டூருக்கும் முத்துப்பேட்டைக்கும் எப்போது வந்து சேர்கிறது என்று பார்த்துக்கொண்டே வளர்ந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பள்ளி விடுமுறையில் மட்டும் போக முடிகிற குடும்பம் 11 மாதம் முன்னால் திட்டம் போடவில்லை என்றால் இந்த ஏற்பாட்டில் கடைமடைதான். போக முடியாத வருஷத்தில் பாயின்ட்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம். ஆனால் அவர்களுடைய கணக்கு வருஷத்தின் முதல் 8 மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். தள்ளிவைத்ததை மறுபடி தள்ளிவைக்கவும் முடியாது. ஐந்து வருஷப் பாயின்ட் போனது பெரும்பாலும் இந்த 8 மாதத்தை மறந்ததால்தான் இருக்கும்.

சரி, சலுகைக்கு வருகிறேன். மாப்பிள்ளை இங்கே இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்.

அவர் இழந்தது எது? ஒர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு வந்த இலவச பஸ் 2022 தொடக்கத்தோடு நின்றது. வரிசையில் காத்திருக்காமல் போக இலவசமாகக் கிடைத்த ஃபாஸ்ட்பாஸ் 2021-ல் முடிந்து, அந்த இடத்தில் காசு கட்டும் முறை வந்தது. விடுதியில் தங்குபவர்களுக்குப் பூங்காவில் கூடுதலாகக் கிடைத்த மணிக்கணக்கான நேரம், பெரும்பாலான நாட்களில் காலையில் அரை மணி முன்னால் உள்ளே விடுவதாகச் சுருங்கியது. இவை மூன்றும் டிஸ்னி விடுதியில் காசு கட்டித் தங்குகிறவர்களுக்கும் இருந்தவை. டைம்ஷேர்காரர்களுக்கென்று தனியாகக் கொடுத்தவை அல்ல.

இப்போது அவருக்கு விற்கப் பார்ப்பது எது? உறுப்பினர் சலுகை. பூங்காவின் ஆண்டு பாஸில் தள்ளுபடி, சில உணவகங்களிலும் கடைகளிலும் 10 முதல் 20 சதவீதம் கழிவு, உட்கார்ந்து இளைப்பாற ஒரு அறை, எப்போதாவது உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு இரவுக் கொண்டாட்டம். 2016 ஏப்ரல் 4-க்குப் பிறகு மறுவிற்பனையில் வாங்கியவர்களுக்கு இவை கிடையாது. 2017-ல் வாங்கிய மாப்பிள்ளைக்கு இவை ஒருநாளும் இருந்ததில்லை.

ஆக, 32,000 டாலர் கட்டினாலும் பஸ் வரப்போவதில்லை, ஃபாஸ்ட்பாஸ் வரப்போவதில்லை. போனது ஒன்று, வாங்கச் சொல்வது வேறொன்று. அந்த விற்பனைப் பிரதிநிதி கெட்டிக்காரர்தான், மறுப்பதற்கில்லை.

அதோடு, இந்தச் சலுகைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நிறுத்தலாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் உறுதியாக இருப்பது பாயின்ட்டும், அதைக் கொண்டு பிடிக்கிற அறையும்தான். பூங்கா டிக்கெட் கூட அதில் சேர்த்தி இல்லை.

ஒரு முறை போனால் உணவகத்திலும் கடையிலும் 1,500 டாலர் செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கழிவு 150 முதல் 300 டாலர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர்களுக்கு ஆண்டு பாஸ் எதற்கு? 32,000 டாலரை அங்கே வங்கியில் 4 சதவீதத்துக்குப் போட்டுவைத்தாலே வருஷத்துக்கு 1,280 டாலர் வருகிறது. புது பாயின்ட்டுக்கும் வருஷா வருஷம் ஆயிரத்துக்கு மேல் கட்டணம் உண்டு. 300 டாலர் மிச்சம் பிடிக்க 2,000 டாலருக்கு மேல் விடுவதை எந்தப் பெயரில் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கிற 160-ஐயே பாதி வீணாக்கியவர்களுக்கு மேலும் 150 எதற்கு என்ற கேள்வியை நான் கேட்கவில்லை, உங்கள் மகள் கேட்பார்.

உங்கள் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. மகளுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை. ஆனால் 10 லட்சத்துக்கு மேல் போகிற தொகையில் 20 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடிக்கும். 28 லட்சம் அனுப்பினால் 18 லட்சத்துக்கு 3.60 லட்சம். ரிட்டர்ன் போட்டால் அது திரும்ப வரும். அதுவரை 31.60 லட்சம் கையில் வேண்டும். நிலம் நகராட்சி எல்லைக்கு வெளியே குறிப்பிட்ட தூரம் தள்ளி இருந்தால் விற்ற லாபத்துக்கு வரி இல்லை. மன்னார்குடி அளவு ஊருக்கு அந்தத் தூரம் 2 கிலோமீட்டர். ரோட்டோரம் என்கிறீர்கள், அளந்து பார்க்க வேண்டியிருக்கும். விற்கப்போவதில்லை என்பதால் அளக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். எப்போதாவது அந்த நிலத்தை விற்றே ஆகவேண்டிய நிலை வந்தால், பணம் முதலில் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் போகட்டும். 8.2 சதவீதத்தில் 28 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 57,400 ரூபாய் வரும். வயல் போனாலும் சாப்பாடு போகாது. டிஸ்னி பாயின்ட்டில் நெல் வராது.

இனி இருக்கிற 160 பாயின்ட்.

அதில் ஸ்டுடியோ அறை பருவத்தைப் பொறுத்துச் சுமார் பத்து இரவு கிடைக்கும். 1,350-ஐப் பத்தால் வகுத்தால் இரவுக்கு 135 டாலர். அதே அறை ரொக்கத்துக்கு 400 டாலருக்கு மேல். இதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் பத்து வருஷத்தில் கட்டிய கட்டணம் 11,000 டாலரைத் தாண்டியிருக்கும். ஐந்து முறை, ஐம்பது இரவு. இரவுக்கு 225 டாலருக்கு மேல் ஆகிவிட்டது, 14,000 முதலைச் சேர்க்காமலே. சலுகை சுருங்கியதில் அவர்கள் இழந்ததைவிட, போகாமல் இருந்ததில் இழந்தது அதிகம்.

14,000 போட்டதை மறந்துவிடச் சொல்லுங்கள். இன்று விற்றால் என்ன வரும் என்பதுதான் கணக்கு. சுமார் 13,000 டாலர் வரும் என்று வைத்துக்கொள்கிறேன், அட்லாண்டாவில் இருந்தே இரண்டு தரகர்களிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். பொதுவாக டைம்ஷேர் என்றால் விற்கப் போனால் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது. டிஸ்னியுடையது அந்த வகையில் தப்பித்த ஒன்று.

அந்த 13,000-க்கு வட்டி வருஷம் 520. மிச்சமிருக்கிற 28 வருஷத்தில் அது கரைந்து பூஜ்யமாகிறது, வருஷத்துக்கு 460 என்று போடுங்கள். கட்டணம் 1,350. கூட்டினால் வைத்திருக்கும் செலவு வருஷத்துக்கு 2,330 டாலர். இதற்கு மாற்று வழி ஒன்று இருக்கிறது. சொந்தமாக வைத்திருக்கிற யாரிடமாவது, போகிற வருஷத்துக்கு மட்டும், பாயின்ட்டை வாடகைக்கு எடுக்கலாம். பாயின்ட்டுக்கு 20 டாலர் என்றால் 160-க்கு 3,200.

வருஷா வருஷம் போகிறவருக்கு 2,330 செலவழித்து வைத்திருப்பதே லாபம். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் போகிறவருக்கு ஒரு பயணத்துக்கு 4,660 ஆகிவிடுகிறது, வாடகையே மலிவு. உங்கள் மகள் குடும்பம் பத்துக்கு ஐந்து. பெரிய பேத்தி இரண்டு வருஷத்தில் கல்லூரிக்குப் போகிறாள். அதற்குப் பிறகு மிக்கி மவுஸைப் பார்க்க அப்பா அம்மாவோடு எத்தனை முறை கிளம்புவாள்? கட்டணம் இதுவரை ஏறியது வருஷத்துக்குச் சுமார் 4 சதவீதம். அதே வேகத்தில் போனால் கெடு முடிகிற 2054-ல் 4,000 டாலரைத் தாண்டும். கட்டாவிட்டால் உரிமையைப் பறிப்பார்கள், கடன் வரலாற்றிலும் கறை விழும்.

எனவே விற்கச் சொல்வேன். அதுவும் அமெரிக்காவில் இருக்கும்போதே. இது டிஸ்னி பொம்மை அல்ல, சட்டப்படி அங்குள்ள நிலச்சொத்தில் ஒரு பங்கு. ஊர் திரும்பி வெளிநாட்டவர் என்ற நிலையில் விற்றால் விலையில் 15 சதவீதத்தைப் பிடித்துவைக்கும் சட்டம் குறுக்கே வரும், திரும்ப வாங்க அங்கே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இங்கே வருமான வரிச் சட்டப்படி முழுக் குடியிருப்பாளர் ஆன பிறகும் வைத்திருந்தால் வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வருஷம் தவறாமல் காட்ட வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். 2019 ஜனவரி 19-க்கு முன் வாங்கியதால் ரிவியரா போன்ற புது விடுதிகளிலும் மாப்பிள்ளை இந்தப் பாயின்ட்டில் தங்கலாம். அவரிடம் வாங்குகிறவருக்கு அந்த உரிமை கிடைக்காது. அதனால் “எங்கள் பாயின்ட் எங்கேயும் செல்லும்” என்று விலையை ஏற்றிக் கேட்டால் தரகர் சிரிப்பார். இந்த வருஷப் பாயின்ட்டைத் தொடாமல் சேர்த்து விற்றால் நல்ல விலை வரும், காலி ஒப்பந்தத்துக்குக் கொஞ்சம் குறையும்.

மாப்பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை, ஐயா. நானே மாட்டியவன்தான். பல வருஷம் முன்பு திருச்சியில் ஒரு ஓட்டலுக்குக் குடும்பத்தோடு வரச்சொன்னார்கள். ராத்திரிச் சாப்பாடு, ஒரு பரிசுப் பொட்டலம், மலைப்பிரதேசப் படங்கள். நிதி ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவன், மூன்று மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நான் வாங்கிய “பருவத்தில்” மே மாதம் இல்லை என்பது வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும் மாதங்களில் ஊட்டி முழுக்க எனக்காகக் காலியாக இருந்தது. பரிசுப் பொட்டலத்தில் இருந்த ஹாட்பாக்ஸ் மட்டும் இன்றும் உழைக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம், மாப்பிள்ளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கக்கூடும், உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். முதலில் அதைக் கேளுங்கள். ஃபுளோரிடா சட்டப்படி கையெழுத்துப் போட்டு 10 நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும்.

மற்றபடி அவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். மாமனார் மாப்பிள்ளையிடம் “அது வீண்” என்று சொன்னால் காலத்துக்கும் நிற்கும். நிலத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். குத்தகை நெல்லில்தான் சாப்பிடுகிறோம், எங்கள் காலம் வரை அது இருக்கட்டும், அப்புறம் உங்களுக்குத்தானே என்று சொல்லிவிடுங்கள். வாடகைக்கு எடுக்கும் கணக்கை மகளுக்கு அனுப்பிவையுங்கள். அந்த 2,330, 3,200 இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். பேத்திகளோடு கடைசியாக ஒரு முறை போகத்தான் வேண்டும் என்றால், அந்த வாடகையில் ஒரு பங்கை நீங்கள் கொடுங்கள், மாப்பிள்ளைக்கும் மனசு ஆறும்.

ஆண்டுக் கட்டண பில் ஜனவரியில் வரும். மறுவிற்பனையில் முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை டிஸ்னிக்கு உண்டு, அவர்கள் பதில் சொல்ல ஒரு மாதம் வரை ஆகும், பத்திரம் முடிய மேலும் சில வாரம். புரட்டாசி பிறப்பதற்குள் தரகரிடம் கொடுத்துவிட்டால் அந்த பில் வேறொருவர் பெயருக்குப் போகும்.