கேம் மாற்றும்போது லிஃப்டரையும் மாற்ற வேண்டுமா? ஹார்லி ட்வின் கேம் கேள்வி-பதில்

ஹார்லி-டேவிட்சன் பைக்கின் ட்வின் கேம் எஞ்சினில் கேம் (வால்வுகளைத் திறக்கும் முகடுள்ள தண்டு) மாற்றுவதைப் பற்றிக் கேட்கிறவர்களில் நிறைய பேர் கடைசியில் வந்து நிற்பது லிஃப்டரில்தான். கேம் எது வாங்குவது என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட அதன் மேல் உட்கார்ந்து ஓடும் நான்கு சின்ன உருளைகளான லிஃப்டர்களைக் கண்டுகொள்வதில்லை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: 2013 ஃபேட் பாய், 103 கன அங்குல எஞ்சின், 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆண்ட்ரூஸ் கேம் வாங்கிவிட்டேன். லிஃப்டரில் சத்தமே இல்லை, அதையும் மாற்றத்தான் வேண்டுமா அண்ணா?

மாற்றிவிடுங்கள் தம்பி. சத்தம் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நாம் வழக்கமாகக் கேட்கும் டிக் டிக் சத்தம் லிஃப்டரின் மேல் பாதியில் இருக்கும் எண்ணெய் பிஸ்டன் சம்பந்தப்பட்டது. ஆபத்து இருப்பது கீழே, கேம் மேல் உருளும் ரோலரில். அந்த ரோலருக்குள் ஊசி ஊசியாக நீடில் பேரிங் இருக்கிறது, அது தேய்ந்து ஆட ஆரம்பித்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது, தெரியும்போது ஊசிகள் கேம் அறைக்குள் விழுந்து, எண்ணெயோடு பம்ப் வரை போய், நீங்கள் ஆசையாக வாங்கிய கேமின் முகட்டை உழுது வைத்திருக்கும். அதிக லிஃப்ட் கேமும் (வால்வை அதிக உயரம் திறப்பது) இறுக்கமான வால்வு ஸ்பிரிங்கும் போட்டால் அந்த ரோலருக்குச் சுமை இன்னும் கூடுகிறது.

கேம் மாற்ற, லிஃப்டரிலிருந்து மேலே வால்வுப் பக்கம் தள்ளும் கம்பியான புஷ்ராடு எப்படியும் வெளியே வந்துதான் ஆக வேண்டும். அதன் பிறகு லிஃப்டர் மூடியில் நான்கு போல்ட்டைக் கழற்றினால் லிஃப்டர் கையில் வந்துவிடும். தனிக் கூலி என்று பெரிதாக இல்லை, பொருளின் விலை மட்டும்தான்.

பத்தாயிரம் கி.மீ.கூட ஓடாத வண்டி என்றால் பழையதையே போடலாம், ஆனால் ரோலரைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள், விரலுக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தாலே தூக்கிப் போடுங்கள். சுற்றும்போது சொரசொரப்பு, முகத்தில் புள்ளி புள்ளியாகக் குழி, இதற்கும் அதே தீர்ப்புதான். நன்றாக இருந்தால் எந்தத் துளையிலிருந்து எடுத்தீர்களோ அதிலேயே திரும்பப் போடுங்கள்.

கேள்வி: ரேசிங் லிஃப்டர் போட்டால் பவர் கூடுமா? கார் லிஃப்டரே இதற்குப் பொருந்தும் என்று ஒருவர் சொன்னார்.

கூடாது. பவர் தருவது கேம். தினமும் ஓட்டும் வண்டிக்கு, 0.510 அங்குல லிஃப்ட் மாதிரியான கேமுக்கு, கம்பெனி தரத்து நல்ல லிஃப்டரே போதும்.

கார் விஷயம் எங்கிருந்து வந்தது என்றால், ட்வின் கேம் லிஃப்டரின் விட்டம் 0.842 அங்குலம், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வி-8 எஞ்சின் லிஃப்டருக்கும் அதே அளவு. விட்டம் ஒன்று என்பதற்காக உயரம், புஷ்ராடு உட்காரும் குழி, எண்ணெய்த் துளை எல்லாம் ஒன்றாகிவிடாது. உங்கள் எஞ்சினுக்கு என்று விற்பதை, பில்லோடு வாங்குங்கள்.

இதைவிட முக்கியமாக, லிஃப்டர் நுழையும் துளையை அளக்கச் சொல்லுங்கள். புதுசில் இடைவெளி 0.0008 முதல் 0.0020 அங்குலம் வரை, 0.003-ஐத் தாண்டினால் தேய்ந்துவிட்டது என்று பொருள். தேய்ந்த துளையில் எவ்வளவு விலையுயர்ந்த லிஃப்டரும் சாய்ந்துதான் ஓடும், எண்ணெய் அழுத்தமும் அதன் ஓரமாகக் கசியும். இதை அளக்காமல் பிராண்டைப் பற்றி மட்டும் பேசுகிற பட்டறையை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: அட்ஜஸ்டபிள் புஷ்ராடு வாங்கியிருக்கிறேன். எத்தனை சுற்று திருப்புவது? ஒருவர் மூன்று என்கிறார், இன்னொருவர் நான்கு என்கிறார்.

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள், மரை வேறு. அங்குலத்துக்கு 32 மரை உள்ள புஷ்ராடில் நான்கு சுற்று திருப்பினால் 0.125 அங்குலம் நீளும், 24 மரை என்றால் மூன்று சுற்றிலேயே அந்த அளவு வந்துவிடும். லிஃப்டருக்குள் பிஸ்டன் மொத்தமாக நகர்வது சுமார் 0.200 அங்குலம், அதன் நடுவை ஒட்டி நிறுத்துவதுதான் நோக்கம். லிஃப்டருக்குள் நகர்வைக் குறைக்கும் வளையம் போட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அந்தப் பெட்டியில் வரும் தாளில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும்.

முறை இதுதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பின் சக்கரத்தைத் தூக்கி, டாப் கியரில் போட்டுக் கையால் சுற்றுங்கள். இன்டேக் லிஃப்டர் ஏறி இறங்கிய பிறகு எஞ்சின் பிஸ்டன் மேலே வரும் இடம்தான் கம்ப்ரஷன். அங்கே அந்த சிலிண்டரின் இரண்டு லிஃப்டரும் கேமின் தாழ்வான வட்டத்தில் இருக்கும். புஷ்ராடை மேல்-கீழ் ஆட்டம் நிற்கும் வரை நீட்டுங்கள், விரலால் உருட்ட வர வேண்டும், அதுதான் பூஜ்யம். அங்கிருந்து சுற்றை எண்ணித் திருப்பி, லாக் நட்டை இறுக்குங்கள்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். இதில்தான் அவசரப்படுகிறார்கள். எண்ணெய் நிறைந்த லிஃப்டர் உடனே அமுங்காது, அதுவரை வால்வைத் திறந்தே பிடித்திருக்கும். அந்த நிலையில் எஞ்சினைச் சுற்றினால் வால்வோ புஷ்ராடோ வளையும். பத்து நிமிடமோ இருபது நிமிடமோ, சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், அந்த சிலிண்டரின் இரண்டு புஷ்ராடும் விரலால் உருள்கிறதா என்று பாருங்கள். உருண்ட பிறகுதான் அடுத்த சிலிண்டர்.

பழைய புஷ்ராடை வெட்டி எடுப்பதாக இருந்தால் வால்வு மூடிய நிலையில் வெட்டுங்கள், கீழே துணியை அடைத்துவிட்டு. வால்வுக்கு மேலே இருக்கும் ராக்கர் பெட்டியைத் திறக்கும் வேலையும் டேங்க்கைக் கழற்றும் வேலையும் மிச்சம்.

கேள்வி: புது லிஃப்டரை எண்ணெயில் ஊற வைக்க வேண்டுமா?

ரோலரும் அதன் பேரிங்கும் நன்றாக நனைய வேண்டும், அதற்காக ஊற வையுங்கள். அழுத்தி அழுத்தி உள்ளே எண்ணெய் நிரப்ப வேண்டியதில்லை, நிரப்பினால் மேலே சொன்ன காத்திருப்பு நீளும், அவ்வளவுதான். போடும்போது லிஃப்டர் திரும்பாமல் பிடிக்கும் பின்னை மறக்காதீர்கள். அது இல்லாமல் லிஃப்டர் பக்கவாட்டில் திரும்பினால் ரோலர் உருளாது, கேமை அரைத்துவிடும்.

கேள்வி: எல்லாம் மாற்றியாயிற்று, ஆனால் முன்னைவிட டிக் டிக் சத்தம் அதிகம். ஏமாந்துவிட்டேனா?

முதல் ஸ்டார்ட்டில் சில நிமிடம் சத்தம் வருவது சகஜம், லிஃப்டருக்குள் எண்ணெய் ஏற வேண்டும். பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி எண்ணெய் விளக்கு அணைந்த பிறகு கிளப்பினால் அது குறையும். வேகமாக வால்வைத் திறந்து மூடும் கேம்களுக்குக் கொஞ்சம் சத்தம் கூடுதல்தான். எஞ்சின் சூடான பிறகும் ஒரே இடத்திலிருந்து தெளிவாக அடித்தால் அந்தப் புஷ்ராடின் அளவைத் திரும்பப் பாருங்கள். அதற்கு முன் சைலென்சர் பைப் சிலிண்டரோடு சேரும் இடத்தையும் பாருங்கள், அங்கே கசிவு இருந்தாலும் இதே சத்தம்தான் கேட்கும்.

கேள்வி: என்னுடையது 2003 மாடல் 88. லிஃப்டரோடு வேறு எதை மாற்றலாம் சார்?

உங்களுக்கு இரண்டு விஷயம், இரண்டையும் தள்ளிப் போடாதீர்கள். ஒன்று, கேம் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர். 88-இல் அது ஸ்பிரிங் வகை, செயின் தான் உரசி ஓடும் பிளாஸ்டிக் கட்டையைத் தின்றுவிடும், துகள்கள் எண்ணெயில் கலக்கும். 2007 முதல்தான் பெரும்பாலான மாடல்களில் ஹைட்ராலிக் டென்ஷனர் வந்தது. இன்னொன்று, உள்பக்கக் கேம் பேரிங். பழையதை எடுத்துவிட்டு, கூண்டு இல்லாமல் முழுக்க ஊசி நிரம்பிய வகையைப் போடுங்கள். செயினுக்குப் பதில் பல்சக்கரத்தால் ஓடும் கியர் டிரைவ் கேம் ஆசை இருந்தால் முதலில் டயல் கேஜ் வைத்து, கிராங்கின் முனையில் இருக்கும் பினியன் தண்டின் கோணலை அளங்கள், 0.003 அங்குலத்துக்கு மேல் இருந்தால் செயினோடு இருப்பதே நல்லது.

கேள்வி: நான் வைத்திருப்பது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா? நண்பனிடம் இன்டர்செப்டர் 650 இருக்கிறது.

உங்கள் யுசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) எஞ்சினிலும் புஷ்ராடும் ஹைட்ராலிக் லிஃப்டரும்தான், ஆகவே தேய்மானம், காத்திருப்பு பற்றிச் சொன்னது பொருந்தும், ஆனால் ஹார்லியின் அளவுகள் எதுவும் பொருந்தாது. கேம் வாங்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: எக்ஸாஸ்ட் கேமில் டீகம்ப்ரஸர் இருக்கிறதா? இல்லாத கேமைப் போட்டால் ஸ்டார்ட் செய்யும்போது முழுக் கம்ப்ரஷனையும் ஸ்டார்ட்டர் தாங்க வேண்டும், ஸ்டார்ட்டரை எஞ்சினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் இந்த எஞ்சினில் ஏற்கெனவே பலருக்குச் செலவு வைத்த பாகம். நண்பரின் 650-இல் கேம் மேலேயே இருக்கிறது, புஷ்ராடும் ஹைட்ராலிக் லிஃப்டரும் கிடையாது, திருகும் லாக் நட்டும் வைத்து ஃபீலர் கேஜால் இடைவெளி வைப்பதுதான் அவர் வேலை.