கிணற்றுக்கு முன் ஒரு வரி

அன்புள்ள ஐயா,
சென்ற வாரம் வெளியான உங்கள் கதையை பஸ்ஸில் வாசித்தேன். சிறுவன் கிணற்றில் விழும் இடத்தில் கை நடுங்கிவிட்டது. என் தம்பியை நாங்கள் கிணற்றில்தான் இழந்தோம். மேலே ஒரு வரி எச்சரிக்கை போட்டிருக்கக் கூடாதா? வீட்டுக்குப் போய், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருப்பேன்.
ம., மன்னார்குடி

அன்புள்ள ம.,

பஸ்ஸில் உங்களை அப்படி நடுங்கவைத்ததற்கு வருந்துகிறேன். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை.

ஆனால் எச்சரித்திருந்தால் நடுக்கம் குறைந்திருக்குமா? ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் விக்டோரியா பிரிட்ஜ்லேண்டும் உடன் இருவரும் இதைப் பற்றிய 12 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்டார்கள். எச்சரிக்கை பெற்றவர்களுக்கு வேதனை குறையவில்லை. பார்ப்பதற்கு முந்தைய பதற்றம்தான் கூடியது. ‘கொஞ்சம் வலிக்கும்’ என்று நர்ஸ் சொன்னதும் ஊசி இறங்குமுன்னே உடம்பு இறுகுமே, அதுதான். விலகிப் போனவர்களும் அதிகமில்லை. தொலைக்காட்சியில் ‘இளகிய மனம் கொண்டவர்கள் பார்க்க வேண்டாம்’ என்றால் நம் வீட்டில் யார் எழுந்து போகிறார்கள்? அடுப்படியில் இருப்பவரும் கரண்டியோடு வந்து நிற்பார்.

என் அனுபவமும் அதுவே. அப்பா மருத்துவமனையில் இறந்தார். மருத்துவமனைக் காட்சி எதுவும் என்னை அசைப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு நண்பர் வீட்டுப் பரணில் மூடி நசுங்கிய மூன்றடுக்கு டிபன் கேரியரைப் பார்த்தேன். அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனதும் அப்படி ஒன்றில்தான். சட்டென்று வாசலுக்கு வந்துவிட்டேன். இதற்கு யார் எச்சரிக்கை எழுதுவது?

இவ்வளவும் சொல்லிக் கடிதத்தை முடித்துவிடத்தான் நினைத்தேன். உங்கள் கடைசி வரி விடவில்லை. வேதனையைக் குறைக்கச் சொல்லி நீங்கள் கேட்கவேயில்லை. எங்கே, யார் பக்கத்தில் இருந்து அதைப் படுவது என்பதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். மேற்சொன்ன கணக்கில் அது வரவில்லை.

ஆகவே போடுகிறேன். ‘மனதை உலுக்கும் காட்சிகள்’ என்றல்ல, அது விளம்பரம். ‘ஒரு சிறுவன் கிணற்றில் விழுந்து இறக்கும் கதை’ என்று மட்டும். முடிச்சை அவிழ்த்துவிட்டாய் என்று எழுத்தாள நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

அடுத்த வாரக் கதையில் ஒரு வாய்க்கால் வருகிறது. பிள்ளைகள் குளிக்கிறார்கள். எல்லோரும் கரையேறிவிடுகிறார்கள்.