வேட்டைத் தோட்டா: வேகம் அப்புறம், நம்பகம் முதலில்

நமீபியாவில் ஸ்பிரிங்பாக் என்னும் சிறு மான், கூடு என்னும் பெரிய மான் இரண்டையும் வேட்டையாட .223 தோட்டா போதுமா?

ஸ்பிரிங்பாக்குக்குச் சட்டப்படி போதும், கூடு மானுக்குப் போதாது. குழல் வாயில் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய ஆற்றலை அங்கே சட்டமே சொல்கிறது: ஸ்பிரிங்பாக்குக்கு 1,350 ஜூல், கூடு, ஓரிக்ஸ், ஈலண்ட் மான்களுக்கு 2,700, எருமைக்கும் யானைக்கும் 5,400. 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டுள்ள .223 ஏறத்தாழ 1,700 ஜூல்தான் தரும். 180 கிரெய்ன் குண்டுள்ள .30-06 தோட்டா என்றால் 3,900. ஒரே துப்பாக்கிதான் என்றால் இதுவே சரி.

எருமைக்கு .375 எச் அண்ட் எச் தோட்டாவை நானே நிரப்புகிறேன். மேகசினின் (துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அடியில் இருக்கும் தோட்டா மட்டும் நீளம் குறைந்துபோகிறது. ஏன்?

பின்னுதைப்பு செய்யும் வேலை. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் பாய, மேகசினில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் மூக்கு அதன் முன்சுவரில் மோதுகிறது. குண்டு, வெடிமருந்து இருக்கும் உறைக்குள் இறங்குகிறது, உள்ளிடம் சுருங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. அடித்தோட்டா எல்லா உதையையும் வாங்குவதால் அதற்குத்தான் அதிக அடி.

முதலில் உறையின் கழுத்து குண்டை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பாருங்கள். கழுத்தின் உள்ளளவைச் சரிசெய்யும் விரிப்பான் உருண்டை பெரிதாக இருந்தால் கழுத்து தளர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் கிரிம்ப் (உறை விளிம்பைக் குண்டின்மேல் மடித்து இறுக்குவது), அதுவும் குண்டிலுள்ள வரிப்பள்ளத்தில் மட்டும். தளர்ந்த கழுத்தைக் கிரிம்ப் காப்பாற்றாது. உறைகள் எல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டப்பட்டிருக்க வேண்டும். நீளமான உறையில் கிரிம்ப் அதிகமாகிக் கழுத்துக்குக் கீழுள்ள சரிவான தோள் புடைக்கும், தோட்டா அறைக்குள் போகாது. குட்டையான உறையில் கிரிம்ப் விழவே விழாது.

சோதனை எளிது. மேகசினை நிரப்பி, அடித்தோட்டாவை முன்பே அளந்து வையுங்கள். மேலுள்ளவற்றைச் சுட்டபின் மறுபடி அளந்து பாருங்கள். நீளம் மாறியிருந்தால் அதைச் சுடாமல் பிரித்துவிடுங்கள்.

சுட்ட உறையை மறுபடி நிரப்பும்போது கழுத்தை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் (அளவுபடுத்தினால்) இலக்குப் பலகையில் நன்றாக விழுகிறது. வேட்டைக்கும் அப்படியே வைக்கலாமா?

வேண்டாம். தூசியும் வெப்பமும் உள்ள இடத்தில் இறுக்கமான உறை அறையில் சிக்கும். எருமை முன்னால் நிற்கும்போது மில்லிமீட்டர் துல்லியம் யாருக்கு வேண்டும்? உறை முழுவதையும் அளவுபடுத்தி, தோளை சுமார் 0.05 மி.மீ. மட்டும் பின்தள்ளுங்கள். அதைவிட அதிகம் தள்ளினால் சில முறை சுட்டதும் அடிப்பக்கம் மெலிந்து உறை இரண்டாகும். புறப்படும் முன், சுடுதளத்தில், குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, ஒவ்வொரு தோட்டாவையும் அறையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

ஈயக் குண்டுக்குப் பதில் முழுச் செம்புக் குண்டு போட்டால் அதே வெடிமருந்தளவு சரியா?

சரியல்ல. செம்பு ஈயத்தைவிட இலகு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும், மருந்துக்குள்ள இடத்தைப் பிடிக்கும், அழுத்தமும் மாறும். அந்தக் குண்டுக்கென்று தயாரிப்பாளர் அச்சிட்ட அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். எடையைச் சற்றுக் குறைத்து, 180-க்குப் பதில் 165 கிரெய்ன் எடுப்பது வழக்கம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது என்பதால் அங்கே வேறு வழியும் இல்லை. மாற்றும் முன் குழலிலுள்ள பழைய படிவை நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

விசையை அழுத்தினால் வழக்கத்தைவிட மெல்லிய சத்தம். அடுத்ததைச் சுடலாமா?

கூடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்த வெடியில் குழல் பிளக்கும். குழல் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து அரை நிமிடம் பொறுத்து, துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைக் (அறையை மூடும் பூட்டு) கழற்றிப் பின்பக்கமிருந்து குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள்.