மறியலில் (சிறையில்) தொழில் பழகியவர்கள் வெளியே வந்து அந்த வேலையைச் செய்கிறார்களா, இல்லை பழைய தொழிலுக்கே போய்விடுகிறார்களா?

என் பேக்கரியில் போறணை (பாண் சுடும் அடுப்பு) பார்ப்பவரே அப்படி வந்தவர்தான், அதனால் பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் யாரோ உள்ளே இருக்கிறார் போலத் தெரிகிறது. இல்லையென்றால் மன்னியுங்கள்.

இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டவுனில் என் கடை. அந்த அண்ணனைக் கசிப்பு (கள்ளச் சாராயம்) வழக்கில் பிடித்தார்கள். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனார். இந்த நாட்டில் சிறைக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் இப்படித் தண்டம் கட்ட முடியாதவர்கள்தான். வெளியே வந்தால், வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டியாகிவிட்டது. மறுபடி கசிப்பு, மறுபடி மறியல். இரண்டாம் தடவை சிறை பேக்கரியில் போட்டிருக்கிறார்கள்.

வேலை கேட்டு வந்தபோது, "சரி, இரவைக்கு வந்து செய்து காட்டுங்கள்" என்றேன். போறணையைத் திறந்து ஒரு சிட்டிகை மாவை உள்ளே வீசினார். அது எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஆறட்டும் முதலாளி" என்றார். அந்த இடத்திலேயே ஆளை எடுத்துவிட்டேன். அவர் லேமினேட் செய்து கொண்டுவந்த சான்றிதழை நான் பார்க்கவே இல்லை.

ஆனால் அவருக்குப் பாண் (ரொட்டி, அதாவது பிரெட்) மட்டும்தான் தெரியும். மூட்டைக் கணக்கில் மா குழைத்துப் பழகிய கை. மாலு பணிசுக்கு (மீன் வைத்த பன்) கொஞ்சம் குழையுங்கள் என்றால் ஊருக்கே போடுகிற மாதிரி குழைத்து வைத்தார். கேக் பக்கமே வரமாட்டார். மறியலில் நூற்றுக்கணக்கான பேருக்குப் பாண் போட வேண்டும், அதனால் அதைத்தான் பழக்குகிறார்கள். வெளியே எங்களுக்கு லாபம் தருவது பணிசும் ரோல்சும்தான். பயிற்சி கொடுப்பவர்கள் இதை யோசித்தால் நல்லது.

"போகம்பரைக்குப் போனவனைக் கடையில் வைத்திருக்கிறான்" என்று ஊரில் பேசினார்கள். கண்டியில் இருந்த போகம்பரைச் சிறையை 2014இலேயே மூடிப் பல்லேகலைக்கு மாற்றிவிட்டார்கள், ஆனால் பேச்சு மட்டும் மாறவில்லை. எல்லாரும் திருந்திவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஐஸ், பவுடர் என்று போதைப்பொருள் கேஸ்காரர்களை நான் வேலைக்கு வைத்ததில்லை, அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியும் இல்லை. கணக்குக் கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2013இல் பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறையில் படிப்போ தொழிலோ கற்றவர்களில் மறுபடி உள்ளே போனவர்கள், கற்காதவர்களைவிட 100க்கு 13 பேர் குறைவு.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று சட்டம், தராசோடு கடைக்கு வந்து நிறுக்கிறார்கள். நிறுக்கட்டும். என் அம்மா வாழ்நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுத்தார். ஈரம், சாக்கு என்று சொல்லி எடுத்த கொழுந்தின் நிறையில் தினமும் கிலோக்கணக்கில் கழித்தார்கள். அந்தத் தராசைப் பார்க்க ஒருத்தரும் வந்ததில்லை. அந்த அண்ணனின் மனைவிக்கு இன்றைக்கும் கழிக்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடையாள அட்டை தொலைந்திருந்தால் கிராம சேவகரிடம் இப்போதே பேசி வையுங்கள். அது இல்லாமல் இவருக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பதிய நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. டிசம்பரில் எந்தப் பேக்கரியிலும் ஆள் பற்றாது. அப்போது போய், ஓர் இரவு செய்து காட்டுகிறேன் என்று கேட்கச் சொல்லுங்கள்.