அன்பான விற்பனையாளர், குறைந்த மாதத் தவணை: எந்தச் சீட்டை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 34. முதல் முறையாக என் பெயரில் புதிய கார் வாங்கப் போகிறேன். அப்பாவின் பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு மீதித் தொகைக்குக் கடன் வாங்கத் திட்டம். ஒரே மாடலுக்கு இரண்டு ஷோரூம்களில் விலை கேட்டேன். முதல் ஷோரூம் விற்பனையாளர் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் என் தம்பியைப் பார்த்தே பதில் சொன்னார். டெஸ்ட் டிரைவுக்கும் சாவியை அவனிடம்தான் நீட்டினார். இரண்டாவது ஷோரூமில் இருந்தவர் அப்படியே நேர்மாறு. அம்மாவுக்கு மூட்டு வலி என்றதும் இருக்கையின் உயரத்தைக் காட்டி, ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தார். பொறுமையாக எல்லாம் விளக்கினார். ‘மாதம் எவ்வளவு கட்டினால் உங்களுக்குச் சிரமம் இருக்காது?’ என்று கேட்டு, அதற்கேற்றபடி தவணையையும் குறைத்துக் கொடுத்தார். பழைய காருக்கும் அவர்தான் அதிக விலை சொன்னார். இந்தச் சலுகை மாதக் கடைசி வரைதான் என்பதால் சிறு தொகை முன்பணமும் கட்டிவிட்டேன். தம்பியோ முதல் ஷோரூம்தான் மலிவு என்கிறான். இவ்வளவு அன்பாக நடந்துகொண்டவரிடம் மறுபடியும் போய்க் கணக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு விலைச் சீட்டுகளையும் அனுப்பியிருக்கிறேன். தொகைகளை வெளியிட வேண்டாம். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரி, இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலில் நிம்மதி தரும் செய்தி: காரின் விலையில் இரண்டு ஷோரூம்களுக்கும் வித்தியாசமே இல்லை. உங்களுக்குப் பிடித்த இரண்டாவது ஷோரூமிலேயே நீங்கள் வாங்கலாம். ஆனால் அந்தச் சீட்டில் இப்போது எழுதியிருக்கிறபடி வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் தம்பி சொல்வதுதான் சரியாகிவிடும்.

தொகைகளை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், காரின் பட்டியல் விலையை 100 என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அந்த விகிதத்தில் சொல்கிறேன். சிறிய முன்பணம் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

முதல் ஷோரூமில் 3 தள்ளுபடி, அப்பாவின் காருக்கு 12. ஆக நீங்கள் கடன் வாங்க வேண்டியது 85. இரண்டாவது ஷோரூமில் தள்ளுபடி எதுவும் இல்லை, ஆனால் அப்பாவின் காருக்கு 15. அங்கேயும் 100-இல் 15 போனால் 85தான். பழைய காருக்கு அதிகம் கொடுத்தார் என்று நீங்கள் மகிழ்ந்த அந்த 3, முதல் ஷோரூமில் புதிய காரின் விலையில் குறைத்துக் கொடுத்த அதே 3. அப்பா பல வருடம் பார்த்துப் பார்த்து ஓட்டிய காருக்கு ஒருவர் நல்ல விலை சொன்னால் மனது குளிரத்தான் செய்யும். அதில் தவறில்லை. எக்ஸ்சேஞ்சு விலையை மட்டும் தனியாகப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். புதிய காரின் இறுதி விலையிலிருந்து பழைய காரின் விலையைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறதோ, அந்த ஓர் எண்தான் ஒப்பிடத் தகுந்தது.

பிறகு எங்கே பிரிகிறது? இரண்டாவது சீட்டின் நடுவில் ‘பாதுகாப்புத் தொகுப்பு’ என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அதற்கு நேரே 6. எக்ஸ்டெண்டட் வாரண்டி, பெயிண்டுக்கு மேல் பூசும் கோட்டிங், இருக்கை உறைகள், சில துணைப் பொருட்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். எது எவ்வளவு என்று பிரித்து எழுதவில்லை. இந்த 6 சேர்ந்ததால் கடன் 91 ஆகிவிட்டது. அடுத்து, சீட்டின் கீழே மாதத் தவணையைப் பேனாவால் இரண்டு முறை வட்டமிட்டிருக்கிறார். அதற்குப் பக்கத்தில், வட்டத்துக்கு வெளியே, சின்னதாக 84 என்று இருக்கிறது. அதுதான் தவணைகளின் எண்ணிக்கை. முதல் ஷோரூமின் சீட்டில் அது 60.

இப்போது கூட்டிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், மிச்சக் கடன் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கு. முதல் ஷோரூமில் மாதம் 1.76 வீதம் 60 மாதம். கடனுக்காக நீங்கள் கட்டி முடிப்பது ஏறக்குறைய 106. இரண்டாவது ஷோரூமில் மாதம் 1.46 வீதம் 84 மாதம். கட்டி முடிப்பது 123. மாதத் தவணை ஆறில் ஒரு பங்கு குறைவாகத் தெரிகிற இடத்தில், மொத்தத்தில் காரின் பட்டியல் விலையில் 17 சதவீதம் அதிகமாகக் கொடுக்கிறீர்கள். இந்த 17-இல் 8 அந்தத் தொகுப்பாலும் அதன் மீதான வட்டியாலும் வருவது. மீதி 9, வேறு எதையும் வாங்காமல் 24 மாதம் கூடுதலாக இழுத்ததற்கு மட்டும்.

‘மாதம் எவ்வளவு கட்ட முடியும்?’ என்ற கேள்வி அக்கறையாகவே காதில் விழும். அவர் அக்கறையோடுதான் கேட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கு நீங்கள் ஓர் எண்ணைச் சொன்ன நிமிடத்திலிருந்து பேச்சு முழுவதும் அந்த எண்ணைச் சுற்றியே நடக்கும். காரின் விலை, துணைப் பொருட்களின் விலை, வட்டி, காலம் என்ற நான்கும் அந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் போய்விடும். காலத்தை நீட்டினால் எதை வேண்டுமானாலும் உள்ளே சேர்த்து, தவணையை நீங்கள் சொன்ன அளவுக்குள் நிறுத்திவிடலாம். உங்கள் சீட்டில் நடந்திருப்பதும் அதுதான். ஷோரூமில் இந்தக் கேள்வி வந்தால், ‘தவணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் முழு விலையைச் சொல்லுங்கள்’ என்று சொல்லிப் பழகுங்கள். மரியாதைக் குறைவாக அதில் எதுவும் இல்லை.

84 மாதக் கார் கடனை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வட்டி ஒரு காரணம்தான். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கார் வாங்கிய நாளிலிருந்தே அதன் மதிப்பு இறங்கும். கடன் அதே வேகத்தில் இறங்காது. உங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டால், மூன்று ஆண்டு தவறாமல் கட்டிய பிறகும் 84 மாதத் திட்டத்தில் 59 பாக்கி நிற்கும். 60 மாதத் திட்டத்தில் 39தான் நிற்கும். அந்த நேரத்தில் வேலை மாறி வேறு ஊருக்குப் போக நேர்ந்தாலோ, குடும்பத்தில் ஏதேனும் செலவு வந்து காரை விற்க வேண்டியிருந்தாலோ, கார் 50-க்கு விலை போகிறது என்று வையுங்கள். ஒரு திட்டத்தில் கடனை அடைத்து 11 கையில் வாங்கிக்கொண்டு வருவீர்கள். இன்னொன்றில் காரையும் கொடுத்து, கையிலிருந்து 9 எடுத்து வைக்க வேண்டும். தவணை 1.76 என்பது உங்கள் சம்பளத்துக்கு உண்மையிலேயே பாரம் என்றால், இன்னும் சில மாதம் சேமித்து முன்பணத்தைக் கூட்டுங்கள், அல்லது அதே காரின் ஒரு படி கீழான வேரியண்டைப் பாருங்கள்.

வட்டியைப் பற்றி மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. உங்கள் சீட்டில் வட்டிக் கணக்கு தெளிவாக இருக்கிறது. சில இடங்களில் ‘பிளாட் ரேட்’ என்று சொல்லி, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். ஐந்து ஆண்டுக் கடனுக்கு 7 சதவீத பிளாட் ரேட் என்பது, குறையும் நிலுவைக் கணக்கில் ஏறக்குறைய 12.5 சதவீதம். ஷோரூம் சொல்லும் கடனுக்கு முன்னால் உங்கள் வங்கியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது இதற்காகத்தான். கடன் ஏற்கெனவே கையில் தயாராக இருந்தால் ஷோரூமில் விலையை மட்டும் பேசினால் போதும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதிக்கு வருகிறேன். ஒருவர் அலட்சியப்படுத்தினார், இன்னொருவர் அன்பாக இருந்தார் என்கிறீர்கள். வாங்கப் போகிறவர் நீங்கள், கையெழுத்துப் போடப் போவதும் நீங்கள். சாவியைத் தம்பியிடம் நீட்டியது மரியாதையில்லாத செயல். அதற்காக அந்த ஷோரூமுக்குத் திரும்பப் போக மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் நடத்தையை வைத்து விலையை எடைபோட முடியாது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல சாட்சி. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ், சிகாகோ பகுதி ஷோரூம்களுக்கு ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்சி கொடுத்த ஆட்களை அனுப்பிப் பார்த்தார். 1991-இல் வெளியான அந்த ஆய்வில், ஒரே பேச்சைப் பேசியும் வெள்ளையின ஆண்களுக்கே குறைந்த விலை கிடைத்தது; பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கூடுதல் விலை சொல்லப்பட்டது. அதில் இன்னொன்றும் தெரிய வந்தது. வந்தவரைப் போன்ற இனமும் பாலினமும் கொண்ட விற்பனையாளரிடமே அவரை அனுப்பும் போக்கு இருந்தது. அப்படி ‘நம்மவர்’ என்று தோன்றும் ஒருவரிடம் பேசியபோது கிடைத்த விலை இன்னும் மோசமாக இருந்தது. நமக்கு இதமாக இருக்கும் ஒருவர் நமக்குக் குறைந்த விலை தருவார் என்று நம்ப எந்த அடிப்படையும் இல்லை என்பதைத்தான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை தரும் ஆய்வும் உண்டு. அமெரிக்காவிலேயே 2003-இல் வெளிவந்த ஒன்றில், இணையம் வழியாக விலை கேட்டு வாங்கிய கறுப்பின, ஹிஸ்பானிய வாடிக்கையாளர்கள், வெள்ளையர்கள் கொடுத்த விலையையே ஏறக்குறைய கொடுத்திருந்தார்கள். எழுத்தில் விலை கேட்டு, அதை இன்னொரு இடத்து விலையோடு ஒப்பிடுபவருக்குக் கிடைக்கும் பலம் அது. நேருக்கு நேர் பேரம் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: நேரில் போய்க் காரைப் பாருங்கள், ஓட்டிப் பாருங்கள், அம்மாவை உட்கார வைத்துப் பாருங்கள். விலையை மட்டும் வீட்டிலிருந்து எழுதிக் கேளுங்கள்.

அந்த விற்பனையாளர் உங்களை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. சீட்டில் எதையும் மறைக்கவில்லை. எல்லா எண்களும் இருக்கின்றன, சில பெரிதாக, சில சிறிதாக. இந்தத் தொழிலில் பெரும்பாலானவர்களுக்கு நிலையான சம்பளம் குறைவு. மாத இலக்கு, விற்ற வண்டிக்கு ஊக்கத்தொகை, துணைப் பொருளுக்கும் காப்பீட்டுக்கும் கடனுக்கும் கமிஷன் என்றுதான் வருமானம் வரும். மாதக் கடைசி என்ற கெடுவும் அங்கிருந்தே வருகிறது. இலக்கு அவருடையது என்பதால், மாதக் கடைசியில் அவருக்குத்தான் அவசரம் அதிகம். உங்களுக்கு அது நல்ல நேரம். அம்மாவின் மூட்டு வலியை நினைவில் வைத்து இருக்கையைக் காட்டியதற்காக அவருக்கு இந்த விற்பனை கிடைப்பது நியாயம் என்று நான் மனதாரச் சொல்வேன். அதற்கான வருமானம் கார் விற்பனையிலேயே அவருக்குக் கிடைத்துவிடும். அந்த 6-ஐயும் 24 மாத வட்டியையும் நன்றிக்கடனாக நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

தொகுப்பில் இருப்பவை எல்லாமே வீண் என்றும் இல்லை. எக்ஸ்டெண்டட் வாரண்டி, காரைப் பல வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு உதவலாம். ஆனால் அது தயாரிப்பாளரின் வாரண்டியா, மூன்றாம் நிறுவனத்துடையதா, எந்தெந்தப் பாகங்களுக்குப் பொருந்தாது என்பதைப் படித்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். கம்பெனி வாரண்டி முடிவதற்குள் பிறகு வாங்கிக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். கோட்டிங்கும் உறைகளும் வெளியிலும் கிடைப்பவை. எதுவாக இருந்தாலும் கடனில் சேர்க்காமல் கைக்காசில் வாங்குங்கள். உறை கிழிந்து போன பிறகும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்காது.

இன்றே அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். வார்த்தைகள் வராவிட்டால் இதையே எழுதலாம்: ‘ஐயா, அன்று பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. உங்களிடமே வாங்க விரும்புகிறேன். பாதுகாப்புத் தொகுப்பு வேண்டாம். வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த முழு விலை, பழைய காரின் விலை, மீதித் தொகை, 60 மாதத் தவணை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டு உறுதி செய்கிறேன்.’ இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அவர் நல்லவராக இருந்தால் ஒரு மணி நேரத்தில் புதிய சீட்டு வந்துவிடும். தொகுப்பு எடுத்தால்தான் எக்ஸ்சேஞ்சு விலை 15 என்று பதில் வந்தால், கார் விலை இரண்டு இடத்திலும் ஒன்று என்று நான் சொன்ன கணக்கு மாறிவிடும். அப்போது தம்பி சொல்வதைக் கேளுங்கள். முதல் ஷோரூமில் வேறொரு விற்பனையாளரைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மேலாளரிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

முன்பணம் பற்றி ஒன்று. நீங்கள் அனுப்பிய ரசீதின் படத்தில் தொகையும் தேதியும் இருக்கின்றன; வாங்காவிட்டால் திருப்பித் தருவார்களா, எதையாவது கழிப்பார்களா என்று ஒரு வரிகூட இல்லை. அதே செய்தியின் கடைசியில் அதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது வரும்வரை வேறு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்; அப்பாவின் காரின் அசல் ஆவணங்களும் வீட்டிலேயே இருக்கட்டும்.