ஐந்து நட்சத்திரம், நூறு ரூபாய்

கேள்வி: டி.வி. விளம்பரத்தை நான் நம்புவதில்லை. ரிவ்யூ படித்துத்தான் பொருள் வாங்குகிறேன். அதையாவது நம்பலாமா சார்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போன மாதம் ஆன்லைனில் ஒரு எலக்ட்ரிக் கெட்டில் வாங்கினேன். ஐந்து நட்சத்திரமாகக் குவிந்து கிடந்தது. பெட்டியைத் திறந்தால், மேலேயே ஒரு சின்ன அட்டை: 'ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள், 100 ரூபாய் கேஷ்பேக்.' நான் மயங்கிய பாராட்டுகளில் எத்தனை அந்த நூறு ரூபாய்க்கு எழுதியவையோ! மூன்றாம் வாரம் மூடி கழன்றுவிட்டது. "அனுப்பியிருந்தா நூறு ரூபாயாவது மிஞ்சியிருக்கும்" என்றாள் என் மனைவி.

அப்புறம் நான் முதலில் படிப்பது மூன்று நட்சத்திரக்காரர்களைத்தான். ஐந்து போட்டவருக்குக் காசு வந்திருக்கலாம். ஒன்று போட்டவருக்குக் கூரியர்காரர் மேல் கோபமாக இருக்கலாம். 'சீக்கிரம் கொதிக்கிறது, ஆனால் வயர் குட்டை' என்று விஷயத்தைச் சொல்பவர் மூன்று போட்டவர்தான்.

இன்ஸ்டாகிராம்காரர்கள் கதை வேறு. காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-லேயே விதி வகுத்துவிட்டது. சொல்கிறார்கள், எறும்பு அளவு எழுத்தில்! ஏமாற்று விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்த பிரபலமும் தப்ப முடியாது.

புகார் சொல்ல 1915-க்கு போன் செய்யுங்கள். அந்த அட்டையை நானும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.