வகுப்பு நண்பர்களை வைத்துக் குறும்படம் இயக்குவது எப்படி? மட்டக்களப்பிலிருந்து ஒரு பதில்

"மட்டக்களப்பில் உயர்தரம் படிக்கிறேன். ஊடகப் பாடச் செயற்றிட்டத்துக்கு வகுப்பு நண்பர்களோடு 10 நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டும். என்னை இயக்குநராகப் போட்டுவிட்டார்கள். கையில் இருப்பது போன் மட்டும்தான். எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆட்களிலிருந்து தொடங்குங்கள். கமரா, லைட் எல்லாம் பிறகு. நான் கல்லடியில் படித்த காலத்தில் வகுப்புத் தோழர்களை வைத்து ஒரு குறும்படம் இயக்கினேன். அதற்குப் பிறகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் எடுக்கும்போது ஒத்தாசைக்குப் போய் வருகிறேன். பாதியில் நின்றுபோகும் படங்கள் பெரும்பாலும் கருவி இல்லாமல் நிற்பதில்லை. பத்துப் பேர் வந்து நிற்பார்கள், மூன்று பேருக்குத்தான் வேலை இருக்கும். மற்ற ஏழு பேரும் முதல் நாள் ஆர்வமாக நிற்பார்கள், இரண்டாம் நாள் மரத்தடியில் போன் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் ரியூசன் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது. அவர்களுடையது என்று சொல்ல அந்தப் படத்தில் எதுவும் இல்லை.

நம்மூர்க் கூத்து இதை நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளின் குரலையும் உடல்வாகையும் ஆட்டத்தையும் பார்த்துத்தான் சட்டங்கொடுப்பார், அதாவது இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று பிரித்துக் கொடுப்பார். சட்டம் வாங்கியவர் அந்தப் பாத்திரத்துக்கு முழுப் பொறுப்பு. மத்தளக்காரருக்கும் சல்லரிக்காரருக்கும் பிற்பாட்டுக்காரருக்கும் தங்கள் தங்கள் இடம் தெரியும். கூத்தாடும் களரியில் ஆட்டத்தைத் திருத்துவது அண்ணாவியார் ஒருவர்தான். சொந்தக்காரரும் அயலவரும் கூடி ஆடும் கூத்தில் இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் அரங்கேற்றம் வரை போகவே முடியாது. வகுப்பு நண்பர்களும் அப்படிப்பட்ட கூட்டம்தான். சம்பளம் இல்லை, முதலாளி இல்லை, பழக்கம் மட்டும் இருக்கிறது.

ஆகவே ஆளுக்கொரு வேலை, அதுவும் உண்மையான வேலை. ஒலிக்கு ஒருவரைப் போட்டால், சத்தம் சரியில்லை என்று அவர் சொன்னவுடன் ஷொட் நிற்க வேண்டும், நீங்களே விரும்பினாலும் தொடரக் கூடாது. தொடர்ச்சி பார்ப்பதற்கு ஒருவரைப் போடுங்கள். ஒவ்வொரு ஷொட் முடிந்ததும் உடுப்பு, தலைமுடி, மேசையில் இருந்த கிளாஸில் எவ்வளவு தேத்தண்ணி மிச்சம் என்று எல்லாவற்றையும் தன் போனில் படம் எடுத்து வைப்பது அவர் வேலை. நேரத்துக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர். சாப்பாட்டைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு மணிக்குச் சோத்துப் பார்சல் வரவில்லை என்றால் இரண்டு மணிக்கு யாருடைய முகத்திலும் நடிப்பு இருக்காது.

இன்னொன்று. கதையைப் பற்றி முதலே எல்லாரோடும் விடிய விடியப் பேசுங்கள், சண்டையும் பிடியுங்கள். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு வாக்கெடுப்பு வேண்டாம். நடிப்பவரிடம் ஒரு குரல்தான் போக வேண்டும், அது உங்கள் குரல். மற்றவர்களுக்கு யோசனை இருந்தால் உங்கள் காதில் சொல்லட்டும். நல்ல யோசனையாக இருந்தால் சொன்னவரின் பெயரைச் சொல்லியே எடுத்துக்கொள்ளுங்கள். நடிப்பவரைத் திருத்துவதாக இருந்தால் தனியே கூட்டிப்போய்த் திருத்துங்கள். எல்லார் முன்னாலும் "அப்படி இல்லடா" என்று ஒருமுறை சொன்னால் போதும், அந்த நண்பர் அன்று முழுக்கப் பயந்து பயந்து நடிப்பார்.

கதையைச் சிறிதாக்குங்கள். 10 நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைச் சொல்லப் பார்க்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வீடு, இரண்டு பேர், ஒரு பின்னேரம் போதும். நாங்கள் எடுத்தது, விடிந்தால் கட்டாருக்குப் போகும் மகனுக்குத் தாய் பெட்டி கட்டும் கதை. எங்கள் ஊரில் அந்தப் பெட்டி கட்டாத வீடு குறைவு என்பதால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படத்தில் தாயாக நடித்தவள் எங்கள் வகுப்புத் தோழி. மேடையில் நல்ல நடிகை, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல். "நீ என்னை விட்டுப் பிரிந்து போகிறாயா மகனே" என்று எழுதியிருந்த வசனத்தை அவள் பேசியபோது வீடே அதிர்ந்தது. மூன்று அடி தூரத்தில் கமரா நிற்கும்போது அது அளவுக்கு மீறித் தெரிந்தது. "குறைத்து நடி" என்று சொன்னால் யாருக்கும் குறைக்கத் தெரியாது. அதனால் அவள் கையில் ஒரு வேலை கொடுத்தேன். மிளகாய்த்தூள் பார்சலை ஷொப்பிங் பேக்கில் சுற்றி, காற்றை அமுக்கி வெளியே எடுத்து, இரண்டு ரப்பர் பேண்ட் போட வேண்டும். வசனத்தையும் அவளையே தன் அம்மா பேசுவதுபோலப் பேசச் சொன்னேன். வந்தது இதுதான்: "மனே, கருவாட்ட உன்ட சாரத்துக்குள்ள சுத்தி வைச்சிருக்கன். மறுகா அங்க போய்க் கொட்டிப்போட்டுத் தேடாத." ரப்பர் பேண்ட் ஒன்று அறுந்து தெறித்தது. அவள் நிறுத்தவில்லை. இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டே பேசினாள், முகத்தை நிமிர்த்தவே இல்லை. கமராவுக்குப் பின்னால் நின்ற பெடியன் கண்ணைத் துடைத்தான்.

நடிப்பு பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். "அழு", "கவலையாக இரு" என்று சொல்லாதீர்கள், செய்வதற்கு ஒரு வேலை கொடுங்கள். இந்தியப் படத்துத் தமிழிலோ பாடப்புத்தகத் தமிழிலோ வசனம் எழுதாதீர்கள். ஆரையம்பதிப் பிள்ளை ஆரையம்பதியில் பேசுவதுபோல், காத்தான்குடிப் பிள்ளை தன் வீட்டில் உம்மாவோடு பேசுவதுபோல் பேசட்டும். நம் பேச்சு படத்தில் கேட்பதற்கு எவ்வளவு அழகு என்பது, எடுத்த காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது உங்களுக்கே தெரியும்.

இனி வெளிச்சம். நாம் கிழக்குக் கரையில் இருக்கிறோம், கடல் நமக்குச் சூரிய உதயத்தைத்தான் தரும். கடலில் சூரியன் இறங்கும் காட்சியை எழுதிவிட்டுக் கல்லடிக் கடற்கரையில் போய் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இறங்கும். அந்திக் காட்சி வேண்டுமென்றால் வாவிக்கரைக்குப் போங்கள். மேற்கே பார்த்துக்கொண்டு நிற்க ஏற்ற இடங்கள் வாவியின் நீளத்துக்கும் உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக ஏறி இறங்கும், அதனால் மென்மையான வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். காலை 6 மணியளவில் உதித்தால் ஒரு மணி நேரத்தில் வெயில் கடுமையாகிவிடும். அந்தி மறைந்த பிறகு நீல வெளிச்சம் 20 நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். ஒத்திகை எல்லாம் முன்னரே முடித்துவிட்டுப் போய் நில்லுங்கள். வழமையாகப் பள்ளிக்கூட விடுமுறை வரும் ஏப்ரலிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும், கண் இருக்கும் இடம் கறுத்துக் குழியாகத் தெரியும். 11 முதல் 3 வரை வீட்டுக்குள் எடுங்கள், ஜன்னலே நல்ல லைட். மார்கழி மழைக் காலத்தை நம்பி வெளிப்புறப் படப்பிடிப்பு வைக்க வேண்டாம்.

வீட்டுக்குள் டியூப்லைட், எல்ஈடி பல்ப் போட்டு எடுக்கும்போது படம் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று, பல்பின் வெளிச்சமும் அதோடு சேர்ந்து துடிக்கும். யூடியூப்பில் அமெரிக்கர் சொல்லித்தரும் அமைப்பு அவர்களுடைய 60 ஹேர்ட்ஸுக்கு. நீங்கள் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று வையுங்கள், துடிப்புப் பெரும்பாலும் போய்விடும். போனின் சாதாரணக் கமராவில் இதை மாற்ற முடியாவிட்டால், கையால் மாற்றக்கூடிய இலவச ஆப் ஒன்றைப் போடுங்கள். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு எடுங்கள், எயார்பிளேன் மோட் போட மறக்க வேண்டாம்.

ஒலியைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல ஆசை. 'மீன்பாடும் தேன்நாடு' என்று பெயர் எடுத்த ஊர் இது. நிலா இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற முனையில் காதை வைத்து மீனின் பாட்டைக் கேட்ட ஆட்களின் ஊரில், ஒலியைக் கவனிக்காமல் படம் எடுப்பதை என்னால் தாங்க முடியவில்லை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்காவிட்டால் எழும்பிப் போய்விடுவார்.

படம் எடுக்கும் போனின் மைக்கை நம்ப வேண்டாம். இன்னொரு போனில் சட்டைக்காலர் மைக் ஒன்றைச் செருகி, நடிப்பவரின் பையில் வைத்துத் தனியாகப் பதியுங்கள். ஒவ்வொரு ஷொட் தொடக்கத்திலும் கமரா முன்னால் ஒரு கைதட்டு, எடிட்டிங்கில் இரண்டையும் சேர்க்க அது போதும். கடற்கரையில் மைக்குக்கு மேல் பஞ்சு உறை இல்லாமல் எதுவும் கேட்காது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது உறை போட்டாலும் சிரமம்தான், அப்போது வசனத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இடம் பார்க்கப் போகும்போது, படம் எடுக்கப்போகும் அதே நேரத்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாண் ஓட்டோ எத்தனை மணிக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது, பாங்கு எப்போது, கோயில் ஸ்பீக்கர் எப்போது, பக்கத்து வீட்டில் தண்ணி மோட்டர் எப்போது என்று எழுதி வையுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களிலும், ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கத் திருவிழா நடக்கும்போது அமிர்தகழிப் பக்கத்திலும் வசனக் காட்சி வைக்கவே வேண்டாம். ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்பும் முன் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். வசனத்துக்கு வசனம் வெட்டி ஒட்டும்போது இடையில் வரும் ஓட்டையை மூட அதுதான் உதவும்.

பழைய கல்லடிப் பாலத்தில் எடுக்க வேண்டும் என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், 1924இல் கட்டிய அந்த இரும்புப் பாலம் எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அழகு. ஆனால் 2013இல் திறந்த புதுப் பாலத்தின் வாகனச் சத்தம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நடக்க விடுங்கள், சைக்கிள் ஓட விடுங்கள், பேச விடாதீர்கள். கோட்டை, அரச கட்டடங்கள், பொலிஸ் அல்லது இராணுவ முகாம் இருக்கும் இடங்களில் முதலே அனுமதி கேளுங்கள், பாடசாலையின் கடிதம் ஒன்று பையில் இருக்கட்டும். ட்ரோன் வேண்டாம். அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் நடைமுறைகள் இருக்கின்றன, செயற்றிட்டத்துக்குள் முடிகிற காரியமல்ல.

தோழிகள் நடிப்பதாக இருந்தால் வீட்டாரோடு நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். எங்கே, யார் யார், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். இரவுக் காட்சியைப் பகலிலேயே ஜன்னலைப் போர்வையால் மூடி எடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும் நோன்பு மாதத்தையும் கணக்கில் எடுத்துத்தான் நாள் குறிக்க வேண்டும், இதை வகுப்பில் ஒரு முஸ்லிம் நண்பர் எழும்பிக் கேட்கும்வரை விடாதீர்கள்.

எடிட்டிங்கில் அதிகம் சொல்ல எதுவுமில்லை. டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். போன் வீடியோவின் ஃபிரேம் வேகம் ஏறி இறங்குவதால் தனியாகப் பதிந்த ஒலி போகப் போக விலகும், அதனால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு வெட்டத் தொடங்குங்கள். அன்றன்று எடுத்ததை அன்றன்றே இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள், ஒன்று உங்களிடம், மற்றது இன்னொருவர் வீட்டில். சினிமாப் பாட்டைப் பின்னணிக்குப் போடாதீர்கள். வகுப்பில் மத்தளம் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார்.

கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே அவர் செய்த வேலை வர வேண்டும், சோத்துப் பார்சல் கொண்டுவந்தவருக்கும், வீடு தந்தவருக்கும். திரையிடும் மண்டபத்துக்கு முதல் நாளே லப்டொப்பைக் கொண்டுபோய், ஒலிக்குப் பொறுப்பானவரைக் கடைசி வரிசையில் இருத்தி, முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வசனம் அவருக்குத் தெளிவாகக் கேட்கும்வரை ஸ்பீக்கரை மாற்றி மாற்றி வையுங்கள்.